சைக்கிள்காரரின் அடுக்களை: நெல்லைச் சமையலிலிருந்து தொடங்கும் ஒரு செய்முறை

சோற்றை அடியோடு நிறுத்திய பதினோராம் நாள், பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரை சைக்கிளில் போய்விட்டுத் திரும்பி வரும் வழியில், வீரவநல்லூரை நெருங்கும்போது எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அன்று காலையில் நான் உண்டிருந்தது மூன்று முட்டையும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் மட்டுமே. சாலையோரத் தேநீர்க் கடையின் பெஞ்சில் போய்ச் சரிந்தேன். அங்கே உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர், "என்னய்யா, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு, வெறும் வயித்தோடயா வந்தே?" என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள் கருப்பட்டிக் காப்பியும் இரண்டு பழமும் வாங்கி என் கையில் திணித்தார். கால் மணி நேரத்தில் தலை தெளிந்தது.

அந்த உணவுமுறை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. புதிய உணவுமுறையையும் நீண்ட பயணத்தையும் ஒரே சமயத்தில் சேர்த்து முயன்றதுதான் என் பிழை. புதிதாகச் சைக்கிள் ஓட்டத் தொடங்குபவர்களில் பலர், எதை உண்பது என்பதை மாற்றுவதற்கு அவசரப்படுகிறார்கள். எப்போது உண்பது என்பதைக் கவனிப்பதில்லை. நம் வீட்டில் ஏற்கெனவே சமைக்கும் பண்டங்களை உரிய நேரத்தில் உண்ணப் பழகிக்கொண்டு, அதன்பிறகே விசேட உணவுமுறைகளைத் தொட வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் இவற்றில் எதையும் தொடங்க வேண்டாம்.

முதல் படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றாமல், வழக்கம்போல உண்டு, வழக்கம்போல ஓட்டி, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் மூன்றை மட்டும் குறித்து வாருங்கள்: கிளம்புவதற்கு எவ்வளவு நேரம் முன்பு என்ன உண்டீர்கள், எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள், எந்த இடத்தில் சோர்வு தட்டியது. கிலோமீட்டரைக் காட்டிலும் மணிக்கணக்கு முக்கியம் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் சேரன்மகாதேவிச் சாலையில் மேற்கே போகிறவருக்கு எதிர்க்காற்று. அதே தொலைவுக்கு நேரமும் கூடும், உழைப்பும் கூடும். ஆகவே உணவை மணிக்கணக்கில் அளப்பதுதான் சரியாக வரும்.

இந்தக் கணக்கின் பின்னால் இருக்கும் காரணம் எளியது. நாம் உண்ணும் மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்ற வடிவில் தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரைதான். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருவதால், மொத்தம் 2,000 கலோரிக்கு மேல் கையிருப்பு இராது. கொழுப்பு உடம்பில் எவ்வளவோ இருந்தாலும், வேகமாக மிதிக்கும்போதும் மேடு ஏறும்போதும் அது மாவுச்சத்தைப் போல விரைவாக எரிந்து கைகொடுப்பதில்லை. வீரவநல்லூர் அருகே எனக்குத் தீர்ந்துபோனது இந்தக் கையிருப்புதான்.

இரண்டாம் படி: கிளம்பும் முன்

ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டத்துக்குத் தனியாக எதுவும் தேவையில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். அதற்கு மேல் ஓட்டப்போகிறவர்கள், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் என்ற அளவில் மாவுச்சத்து உண்பது நல்லது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராம். பருத்த ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) ஒன்றில் ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். கூடவே கருப்பட்டிக் காப்பி ஒரு டம்ளர் குடித்தால் கணக்கு ஏறக்குறைய நிறைந்துவிடும்.

ஏத்தம்பழத்தை அவித்து உண்பதே என் வழக்கம். தோல் மஞ்சளாகி அங்கங்கே கருமை படர்ந்த பழமாக எடுத்து, தோலோடு இரண்டாக நறுக்கி, இட்லிக் கொப்பரையில் 10 நிமிடம் ஆவியில் வைத்தால், தோல் வெடித்துத் தானாக விலகத் தொடங்கும், அதுவே பதம். காய்வெட்டாக இருக்கும் பழத்தை அவித்தால் வயிற்றில் கல் போலக் கிடக்கும் என்பதால் அதைத் தவிர்க்கவும். பழம் பிடிக்காதவர்கள் இட்லி உண்ணலாம். நடுத்தர இட்லி ஒன்றில் 8 முதல் 12 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். அதற்கு மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தொட்டுக்கொள்ளும் ஆசையை மட்டும் அந்த ஒரு நாள் ஒத்தி வைத்து, கொஞ்சம் சர்க்கரையோடு முடித்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் காரமும் வயிற்றில் நெடுநேரம் நிற்கும், குனிந்து ஓட்டும்போது நெஞ்சுக்கு எதுக்களிக்கும்.

மூன்றாம் படி: ஓட்டத்தின் நடுவே

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயணத்தில், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். பசித்தபின் உண்பது தாமதம். முதல் 40 நிமிடத்துக்குள் தொடங்கி, அரை மணிக்கு ஒரு முறை சிறிது சிறிதாக உண்ண வேண்டும். சர்க்கரைக் கூழை அடைத்துக் கடையில் விற்கும் ஜெல் பொட்டலங்கள் வேலை செய்யாமல் இல்லை, ஆனால் அவற்றுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு மாதத்துக்கான அவல் வாங்கிவிடலாம்.

அவல் உருண்டை செய்ய, 100 கிராம் கெட்டி அவலை வெறும் சட்டியில் மிதமான சூட்டில், கையால் நொறுக்கினால் பொடியாகும் வரை வறுத்து, ஆறியதும் மிக்சியில் ரவை போலப் பொடித்துக்கொள்ளுங்கள். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 20 கிராமை ஒன்றிரண்டாகத் தட்டி அதோடு சேர்த்து, இரண்டு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சுக்குப்பொடியும் தூவுங்கள். 60 கிராம் கருப்பட்டியைத் தட்டிக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, கட்டாயமாக வடிகட்டிய பிறகு (நல்ல கருப்பட்டியிலும் மண் இருக்கும்; பல்லில் நெறுநெறுவென்று அகப்படும்போதுதான் இதன் அருமை தெரியும்) மீண்டும் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுங்கள். கம்பிப் பதம் வரை போக வேண்டாம். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பாகைப் பொடியில் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே எட்டு உருண்டைகளாகப் பிடித்துவிடுங்கள். உதிர்ந்தால் வெந்நீர் ஒரு தேக்கரண்டி தெளிக்கலாம். உருண்டை ஒன்றில் ஏறத்தாழ 17 கிராம் மாவுச்சத்து இருப்பதால், மணிக்கு இரண்டு அல்லது மூன்று போதும். வாழைச்சருகில் சுற்றி நாரால் கட்டிச் சட்டையின் பின்பையில் வைத்தால் வியர்வையில் நசநசக்காது. தின்ற பிறகு சருகைத் தூக்கிப் போட்டாலும் சாலைக்குக் கேடில்லை.

அல்வாவை எடுத்துப் போகலாமா என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. அதில் சர்க்கரையோடு நெய்யும் நிறையச் சேர்ந்திருப்பதால் ஓட்டத்தின் நடுவே செரிக்காது; வீடு வந்து சேர்ந்த பிறகு ஒரு துண்டு உண்டால் நான் தடுக்கப்போவதில்லை.

தண்ணீர்க் கணக்கு

எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதை உங்கள் வியர்வையே சொல்லும். கிளம்பும் முன்பும், திரும்பி வந்து துடைத்துக்கொண்ட பின்பும், மிகக் குறைந்த உடையில் எடை பாருங்கள். போகும்போது 62 கிலோ, வரும்போது 60.8 கிலோ, இடையில் முக்கால் லிட்டர் குடித்தீர்கள் என்றால், இழந்த வியர்வை 1.95 லிட்டர். அது ஒன்றரை மணி நேர ஓட்டமாக இருந்தால், மணிக்கு 1.3 லிட்டர். எடையில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். இழந்ததை முழுக்க அப்போதே நிரப்ப வேண்டும் என்று வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பது ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலியும் குமட்டலும் வரும், முற்றினால் உயிருக்கே கேடாகும்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி உப்பும், 40 முதல் 50 கிராம் சர்க்கரையும், பாதி எலுமிச்சையின் சாறும் கலந்து எடுத்துச் செல்லுங்கள். பதநீர் கிடைக்கும் பருவமானால் வேலை இன்னும் எளிது. பதநீரில் 10 முதல் 12 விழுக்காடு சர்க்கரை இருப்பதால், அதை அப்படியே குடித்துக்கொண்டு ஓட்டினால் வயிறு கனக்கும். சம அளவு தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால், ஓட்டத்துக்கு ஏற்ற பானமாகிவிடும். காலையில் இறக்கியதைக் காலையிலேயே தீர்த்துவிட வேண்டும். வெயில் ஏறினால் புளித்துப் பாட்டிலில் நுரை தள்ளும்.

நான்காம் படி: வீடு திரும்பிய பின்

ஓய்ந்த தசைகளைச் சீராக்க 20 முதல் 25 கிராம் புரதமும், காலியான கையிருப்பை நிரப்ப மாவுச்சத்தும் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். இரண்டையும் ஒரே பானையில் தரும் உளுந்தம்பருப்புச் சோறு நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிறது.

இருவருக்கு, 200 கிராம் அரிசியும் தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து 100 கிராமும் வேண்டும். உளுந்தை மட்டும் வாசம் எழும் வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துக் களைந்து, பத்துப் பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு ஆகியவற்றுடன் நான்கு பங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் நான்கு விசில் வைத்தால் முடிந்தது. அதற்குத் துணை எள்ளுத் துவையல்: இரண்டு மேசைக்கரண்டி எள்ளைப் படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து, வறுத்த மிளகாய் வற்றல் மூன்று, சிறு நெல்லியளவு புளி, கொஞ்சம் தேங்காய், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். சோற்றில் ஒருவருக்கு ஏறத்தாழ 19 கிராம் புரதமும் 100 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான மாவுச்சத்தும் கிடைக்கும். ஓர் அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் தயிரோ சேர்த்தால் புரதக் கணக்கு நிறைவாகும்.

ஐந்தாம் படி: விசேட உணவுமுறைகள்

மேலே சொன்னவை ஒரு மாதம் பழகிய பிறகே இந்தப் படிக்கு வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், குறைந்தது இரண்டு வாரம், அந்த இரண்டு வாரமும் நீண்ட பயணம் கிடையாது என்ற விதியை நான் கடுமையாகக் கடைப்பிடிக்கிறேன். நோட்டுப் புத்தகத்தில் பழைய மூன்று குறிப்புகளோடு தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் அடக்கும் கீட்டோ முறையில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். எடை முதல் வாரத்திலேயே இறங்கும். அதில் பெரும்பகுதி கிளைக்கோஜனோடு சேர்ந்திருந்த நீர் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவில் விளையாட்டு உணவியல் ஆய்வாளர் லூயிஸ் பர்க் குழுவினர் உலகத் தர நடைப்போட்டி வீரர்களிடம் நடத்தி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இந்த முறையைப் பின்பற்றியவர்களின் உடல் கொழுப்பை அதிகம் எரிக்கப் பழகியது உண்மைதான், ஆனால் அதே வேகத்துக்குக் கூடுதலான பிராணவாயு தேவைப்பட்டது. போட்டி நேரமும் மேம்படவில்லை. மெதுவாக ஓட்டுபவர் விரும்பினால் முயலலாம். மணிமுத்தாறு மேட்டில் நண்பர்களோடு போட்டியிட நினைப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பால், முட்டை, இறைச்சி அனைத்தையும் விலக்கும் நனிசைவம் நமக்கு அவ்வளவு கடினமன்று. உளுந்து, சிறுபயறு, கொண்டைக்கடலை, எள் எல்லாம் நாம் அன்றாடம் புழங்குபவை. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்த நம் சொதியே ஒரு நனிசைவ விருந்துதான், கொழுப்பு அதிகம் என்பதால் ஓட்டத்துக்கு முந்தைய வேளையில் மட்டும் அது வேண்டாம். ஆனால் வைட்டமின் பி12 செடிகொடிகளிலிருந்து கிடைக்காது. அதற்கு மாத்திரை உண்டே ஆக வேண்டும்.

ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, கம்பும் குதிரைவாலியும் மறுபடி கடைமுகப்புக்கு வந்தன. அன்றாட உணவுக்கு மிக நல்லவை. நார்ச்சத்து மிகுதி என்பதால், நீண்ட பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் அரிசிச் சோறே உண்ணுங்கள். காரணத்தை நடுவழியில் வயிறே விளக்கும். கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள் அரிசி, சிறுதானியத்தோடு நிம்மதியாக இருக்கலாம். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பதை மட்டும் உறையில் படித்துப் பாருங்கள்.

நேரம் வகுத்து உண்ணாதிருக்கும் முறையைப் புதிது என்று நினைக்க வேண்டாம். திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமுமாக இருப்பவர்கள் நம் தெருவிலேயே உண்டு. விரத நாளில் அரை மணி நேரம் சமதரையில் மெல்ல ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். பையில் ஓர் அவல் உருண்டை கட்டாயம் இருக்கட்டும்.

இரண்டு வாரம் முடிந்ததும் முதல் சோதனைப் பயணத்தைப் பாபநாசத்துக்கு வைக்காதீர்கள். போய்வர ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வரும் சேரன்மகாதேவிக்கு வையுங்கள்; வழியில் பத்தமடையில் நின்று ஓர் உருண்டை தின்றுவிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். சோர்வாக இருந்தால், அங்கிருந்தே வண்டியைத் திருப்பிவிடலாம்.