சூளை இல்லாத வீட்டில் குழம்பு வார்ப்பு: பிளாஸ்டர் அச்சில் கொலு பொம்மை செய்யும் முறை

கொலுப்படிக்கு ஒரே வடிவத்தில் நான்கைந்து சிறு பொம்மைகள் வேண்டும், ஆனால் சுடுவதற்குச் சூளை இல்லை என்னும் நிலையில் இருப்பவர்களுக்கு ஏற்ற வழி, காற்றில் தானாக உலர்ந்து இறுகும் களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி வார்ப்பதாகும். பண்ருட்டியிலும் மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியிலும் பொம்மை செய்வோர் பிசைந்த மண்ணை அச்சில் வைத்து அழுத்தி எடுப்பார்கள்; விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களில் மண்ணைக் குழம்பாக்கி அச்சில் ஊற்றி, வார்த்து எடுத்ததைச் சூளையில் சுடுவார்கள். இங்கே விளக்கப்படுவது அந்த இரண்டாவது முறைதான். நெருப்புக்குப் பதிலாக, குழம்பில் கலந்திருக்கும் பசையும் நார்களும் பொம்மையைப் பிடித்து வைக்கின்றன.

முறையின் உயிர் அச்சு தண்ணீர் குடிப்பதில் இருக்கிறது. ஜிப்சம் கல்லைச் சுமார் 150 டிகிரி வெப்பத்தில் வறுத்து, அதிலுள்ள நீரில் முக்கால் பங்கைப் போக்கிப் பொடித்தால் கிடைப்பதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அந்த மாவு மீண்டும் கல்லாக மாற, 100 கிராமுக்கு 18.6 கிராம் தண்ணீரே போதும். ஆனால் ஊற்றக்கூடிய பதம் வருவதற்காக நாம் 70 கிராம் வரை சேர்க்கிறோம். மிஞ்சிய தண்ணீர் பின்னர் ஆவியாகிப் போக, அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாக நிற்கிறது. குழம்பை ஊற்றியதும் இந்தத் துளைகள் நீரை உறிஞ்ச, மண் துகள்கள் அச்சின் சுவரில் ஒரு தோலாகப் படிகின்றன. தோல் தேவையான தடிப்பை அடைந்ததும் நடுவில் மிஞ்சிய குழம்பைக் கொட்டிவிட்டால், உள்ளே வெற்றிடமான பொம்மை கிடைக்கும். இந்த வேலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அச்சின் தாகத்தைக் கெடுப்பதால் நேர்பவையே.

முதலில் அச்சு. பழகுவதற்கு 10 அல்லது 12 சென்டிமீட்டர் உயரமுள்ள உருவத்தை எடுத்துக்கொள்வது நல்லது. கடை விரித்து உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மை இதற்கு மிகவும் பொருந்தும், ஏனெனில் அவருடைய தொந்தியும் வழுவழுப்பான தோளும் அச்சைவிட்டு எளிதில் நழுவி வரும். முழங்கையை உடலிலிருந்து விலக்கி வைத்தீர்களானால் அந்த இடுக்கில் பிளாஸ்டர் மாட்டிக்கொண்டு, இரண்டே பாகங்களில் அச்சு எடுக்க முடியாமல் போகும். ஆகவே கையை உடலோடு ஒட்டியே செதுக்குங்கள். மூல உருவத்தை நீங்களே செய்யுங்கள். கடையில் வாங்கிய பொம்மையை அப்படியே அச்செடுத்துப் பல படிகள் வார்ப்பது, அதைச் செய்தவரின் உழைப்பில் கைவைப்பதாகும் என்பது என் கருத்து.

மூல உருவத்தைப் படுக்கவைத்து, பாதி உயரம் வரை சாதாரணக் களிமண்ணால் அணைகட்டி, நாற்புறமும் பலகைச் சட்டம் நிறுத்துங்கள். உருவத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் எல்லாப் பக்கமும் 3 முதல் 4 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். ஒரு பக்கம் மெலிந்தால் அந்தப் பக்கம் குறைவாகக் குடித்து, பொம்மையின் சுவரும் அங்கே மெலிந்துவிடும். உருவத்தின் அடிப்பகுதியில், ஊற்றுவாய்க்காகக் கூம்பு வடிவில் ஒரு மண் கட்டியைச் சேர்த்து வையுங்கள்.

பிளாஸ்டர் கரைக்கும்போது மாவின் மேல் தண்ணீரை ஊற்றாமல், தண்ணீரின் மேல் மாவைச் சிறிது சிறிதாகத் தூவவேண்டும். 700 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மாவு என்பது நல்ல அளவு. இதிலிருந்து சுமார் 1.1 லிட்டர் கரைசல் கிடைக்கும். தூவிய மாவு ஊறுவதற்கு ஓரிரு நிமிடம் விட்டு, காற்று புகாமல் அடியிலிருந்து மெதுவாகக் கலக்கி, பாலாடை போலக் கனக்கத் தொடங்கும்போது சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து ஊற்றுங்கள். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். கையையோ விரலையோ அதற்குள் புதைத்து அச்செடுக்க ஒருபோதும் முயலக்கூடாது, தோல் வெந்துவிடும். மிச்சக் கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் கல்லாகிவிடும் என்பதால், வாளியிலேயே இறுகவிட்டு உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

முதல் பாதி இறுகியதும் புரட்டி, மண் அணையை எடுத்துவிட்டு, பிளாஸ்டர் விளிம்பில் ஒரு நாணயத்தால் இரண்டு மூன்று குழிகள் குடையுங்கள். இரண்டு பாதிகளும் இடம் தவறாமல் பொருந்துவதற்கு இவை உதவும். பிறகு அந்த விளிம்பில் குழைவான சோப்புக் கரைசலை மூன்று முறை பூசித் துடைத்து, இரண்டாம் பாதியை ஊற்றுங்கள். சோப்பு பூசாவிட்டால் பிளாஸ்டரோடு பிளாஸ்டர் ஒன்றாகி, உளி வைத்துப் பிளந்தாலும் பிரியாது. சோப்பின் வேலை இந்தக் கட்டத்தோடு முடிந்துவிடுகிறது. மெழுகு வார்ப்பவர்களின் பழக்கத்தைப் பார்த்து, முதல் அச்சின் உட்புறத்தில் தேங்காய் எண்ணெய் தடவியவன் நான். துளைகள் எல்லாம் அடைபட்டு, ஊற்றிய குழம்பு மூன்று மணி நேரம் கழித்தும் ஊற்றியபடியே கிடந்தது. அந்த அச்சு இப்போது மேசையில் தாள்கள் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது.

அச்சு உலர ஒரு வாரமாவது ஆகும். ஐப்பசி மழையில் அதைப்போல் இரண்டு மடங்கு ஆனாலும் வியப்பில்லை. புரட்டாசியில் கொலு என்றால், அச்சை வைகாசியிலோ ஆனியிலோ செய்து வைத்துவிடுவது புத்திசாலித்தனம். உலர்ந்துவிட்டதா என்று பார்க்க, அச்சைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. தினமும் எடை போட்டு, எடை குறைவது நின்ற நாளைக் குறித்துக்கொள்வது இன்னும் நம்பகமான வழி. அவசரப்பட்டு அடுப்பருகிலோ சித்திரை வெயிலில் காயும் மொட்டைமாடித் தரையிலோ வைக்காதீர்கள். 50 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் காய்ந்தால் ஜிப்சம் தன்னுடைய சொந்த நீரையே இழக்கத் தொடங்கி, மேற்பரப்பு மாவாக உதிரும்; நிழலும் மின்விசிறியும் போதும்.

குழம்பைப் பொறுத்தவரை, காற்றில் உலரும் வார்ப்புக் குழம்பு என்றே தயாராக விற்பதை வாங்குவது தொடக்கத்தில் நல்லது. காற்றில் உலரும் கட்டிக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்தாலே போதும் என்று தோன்றும். ஆனால் வெறும் தண்ணீரால் நெகிழவைத்த குழம்பில் நீர் மிகுதியாக இருப்பதால், அச்சு விரைவில் ஊறிப்போகும், பொம்மையும் மிகவும் சுருங்கி வெடிக்கும். வார்ப்புக் குழம்பில் சோடியம் சிலிகேட் போன்ற ஒரு பொருளைச் சிறிதளவு சேர்ப்பதால் மண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி, குறைந்த நீரிலேயே வழிந்தோடும் பதம் கிடைக்கிறது. முந்தின இரவே குழம்பை மெதுவாகக் கலக்கி, டீ வடிகட்டியில் வடித்து, மூடி வைத்துவிடுங்கள். குமிழிகள் மேலே வந்து அடங்கிவிடும். பதம் தோசை மாவை விடச் சற்று நெகிழ்ந்து, கரண்டியிலிருந்து அறுபடாமல் இழையாக விழவேண்டும். நன்றாக வந்த நாளில் 100 மில்லிலிட்டர் குழம்பின் எடை எவ்வளவு என்று எழுதிவைத்தால், அடுத்த முறை கண்ணளவை நம்பத் தேவையில்லை.

வார்க்கும் நாளில் அச்சின் இரு பாதிகளையும் சேர்த்து, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். ஊற்றுவாயை மேலே வைத்து, குழம்பை ஒரே சீராக, இடையில் நிறுத்தாமல் ஊற்றவேண்டும். நிறுத்தி ஊற்றினால் அந்த மட்டத்தில் ஒரு கோடு விழுந்து பொம்மையிலும் தெரியும். அச்சு குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும் என்பதால், வாய் நிறைந்திருக்கும்படி அவ்வப்போது ஊற்றிக்கொண்டே இருங்கள். தடிப்பு நேரத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை என்பதை நினைவில் வையுங்கள். படிந்த தோலே அடுத்து வரும் நீருக்குத் தடையாக நிற்பதால், 2 மில்லிமீட்டர் படிய 10 நிமிடம் ஆனால், 4 மில்லிமீட்டருக்கு 20 நிமிடம் போதாது, ஏறக்குறைய 40 நிமிடம் வேண்டும். ஊற்றுவாயின் ஓரத்தைக் கத்தியால் கீறிப் பார்த்தால் தடிப்பு தெரியும். இந்த அளவு பொம்மைக்கு 3 மில்லிமீட்டர் போதுமானது. பிறகு அச்சைச் சாய்த்துக் காற்று உள்ளே போக வழிவிட்டு, மெதுவாகக் கொட்டுங்கள். சட்டென்று தலைகீழாகக் கவிழ்த்தால் உள்ளே காற்று போக வழியின்றி, ஈரத்தோல் சுவரைவிட்டு இழுபட்டு வந்துவிடும்.

கொட்டிய அச்சை இரண்டு குச்சிகளின் மேல் கவிழ்த்து வையுங்கள். ஊற்றுவாய் மண்ணின் ஈரப் பளபளப்பு மறைந்து, விரல் ஒட்டாத நிலை வந்ததும் அந்த வாய்ப்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, ஒரு பாதியை நேராக மேலே தூக்குங்கள். வர மறுத்தால் வலுக்கட்டாயம் கூடாது. பொம்மை தானே சுருங்கி விலகும்வரை பொறுப்பதுதான் வழி. முதல் வார்ப்பில் அச்சின் தூசும் சோப்பு மிச்சமும் ஒட்டி வருமாதலால், அதை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் ஓர் அச்சில் இரண்டு வார்ப்புகளுக்கு மேல் எடுக்காதீர்கள். இரண்டாவது முதலாவதை விட மெதுவாகப் படியும், மூன்றாவது பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். சூளைக்குப் போகும் குழம்புக்கு இல்லாத ஒரு சிக்கல் இதற்கு உண்டு: நீரோடு சேர்ந்து பசையும் அச்சின் சுவருக்கு நகர்ந்து துளைகளை அடைக்கும். ஒவ்வொரு வார்ப்புக்குப் பின்னும் பிழிந்த ஈரப் பஞ்சால் உட்புறத்தைத் துடைத்துவிடுங்கள்; சுரண்டக்கூடாது. அப்படித் துடைத்தாலும், காகிதக்கூழ் மிகுந்த குழம்பைவிடப் பசை மிகுந்த குழம்பு அச்சின் ஆயுளைக் குறைக்கத்தான் செய்யும்.

பொம்மை இன்னும் குளிர்ந்து, கத்திக்கு வளைந்து கொடுக்கும்போதே பக்கவாட்டு இணைப்புக் கோட்டைச் சீவி, ஈரப் பஞ்சால் நீவிவிடுங்கள். முதல் நாள் மெல்லிய பருத்தித் துணியால் மூடி, மின்விசிறிக்கு நேராக வைக்காமல் உலர்த்தவேண்டும். ஒரு பக்கம் முந்திக் காய்ந்தால் கழுத்தில் வெடிப்பு விழும். அடித்துளையை மூடிவிடாதீர்கள், உள்சுவரின் ஈரம் போக அதுதான் வழி. வெடிப்பு விழுந்தால் அந்த இடத்தை நனைத்து, அதே குழம்பைச் சற்று இறுகவைத்து அப்பலாம். முழுவதும் உலர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் அணிந்து, விழுந்த தூசைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இந்தப் பொம்மை சுடப்படாதது என்பதால் தண்ணீர் பட்டால் மெல்ல இளகும். ஆகவே வண்ணத்துக்கு முன் வெள்ளை அடிப்பூச்சை மிக மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் மறுபூச்சு பூசுங்கள். அதன்மேல் அக்ரிலிக் வண்ணமும் கடைசியில் வார்னிஷும் நிற்கும். வார்னிஷ் பூசினாலும் அகல்விளக்கு, பூஞ்சாடி, உணவுக் கிண்ணம் ஆகியவற்றுக்கு இந்த மண் உதவாது. கரைப்பதற்கான பிள்ளையாரை இதில் வார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பசையும் அக்ரிலிக்கும் கலந்ததைக் குளத்தில் விடுவது சரியல்ல, அதற்குப் பசை சேராத களிமண்ணே பொருந்தும்.