ஹூக் பேசாமல் இருந்தால்: ஃப்ரிடாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ரிடா என்பது ஓடும் ஆப்புக்குள் நம் ஸ்கிரிப்ட்டை நுழைத்து, அது செய்வதைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கருவி. ஆப்பின் ஒரு ஃபங்ஷன் கூப்பிடப்படும்போது வழியில் நின்று பிடிக்கும் நம் கோடுதான் ஹூக். இதைப் பழகத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “ஹூக் போட்டேன், எரர் எதுவும் வரவில்லை, ஆனால் திரையில் ஒரு வரிகூட அச்சாகவில்லை. ஆப் ஃப்ரிடாவைக் கண்டுபிடித்துவிட்டதோ?” கண்டுபிடித்திருக்கலாம்தான். ஆனால் அப்படிக் கண்டுபிடிக்கும் ஆப் வழக்கமாகத் தானே மூடிக்கொள்ளும், இல்லையென்றால் கிராஷ் ஆகும். ஆப் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, ஹூக் மட்டும் வாய் திறக்கவில்லை என்றால், நாம் காத்திருக்கும் வழியில் யாரும் வரவில்லை என்று அர்த்தம். ஆப்பின் மேல் பழி போடும் முன் நம் ஸ்கிரிப்ட்டைத் திரும்பப் பார்ப்பது நல்லது.

எடுத்துக்காட்டுக்கு ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு பயிற்சிக்காகவே வெளியிட்டிருக்கும் அன்கிராக்கபிள் லெவல் 1 ஆப்பை வைத்துக்கொள்வோம். இதில் என்ன செய்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்தவர் ஆப்பில் கை வைப்பதென்றால் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43, 66 ஆகிய பிரிவுகளை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

முதல் தவறு நேரம். அன்கிராக்கபிள் ஆப் திறந்தவுடனேயே, அதாவது திரை உருவாகும்போது ஓடும் ஆன்கிரியேட்டிலேயே, போன் ரூட் செய்யப்பட்டிருக்கிறதா (முழு அதிகாரமும் திறந்துவிடப்பட்டிருக்கிறதா) என்று சோதித்துவிடுகிறது. ஐகானைத் தொட்டு ஆப்பைத் திறந்துவிட்டு, அப்புறம் ஃப்ரிடாவை இணைத்தால், தேர் நிலைக்கு வந்தபின் வடம் பிடிக்கப் போன கதைதான். சோதனை முடிந்துவிட்டது, உங்கள் ஹூக் இனி வராத ஒன்றுக்காகக் காத்திருக்கும். மைனஸ் எஃப் கொடுத்து ஃப்ரிடாவே ஆப்பைத் தொடங்கும்படி செய்தால், ஆப்பின் முதல் வரி ஓடும் முன்பே ஸ்கிரிப்ட் உள்ளே இருக்கும். பழைய பாடங்களில் கூடவே ‘நோ-பாஸ்’ என்றொரு ஆப்ஷனும் இருக்கும். இப்போதைய ஃப்ரிடா-டூல்ஸில் அது கிடையாது, போட்டால் திட்டும். எடுத்துவிடுங்கள், ஆப் தானாகவே ஓடத் தொடங்கும்.

நேட்டிவ் லைப்ரரிகளில் (சி, சி++ போன்ற மொழிகளில் எழுதி, எஸ்ஓ ஃபைலாக ஆப்போடு வரும் கோடு) இதே சிக்கல் வேறு முகத்தில் வரும். ஸ்கிரிப்ட் ஓடும்போது அந்த எஸ்ஓ ஃபைல் இன்னும் மெமரிக்கே வந்திருக்காது. பலர் இதற்கு செட்-டைம்அவுட்டில் இரண்டு வினாடி என்று குத்துமதிப்பாகப் போட்டுவிடுகிறார்கள். தன் போனில் ஓடும், நண்பரின் மெதுவான எமுலேட்டரில் ஓடாது. லைப்ரரிகளை மெமரிக்கு ஏற்றும் ‘ஆண்ட்ராய்டு_டிஎல்ஓபன்_எக்ஸ்ட்’ ஃபங்ஷனை ஹூக் செய்து, நமக்கு வேண்டிய லைப்ரரியின் பெயர் அதில் வரும்வரை காத்திருந்து, அது திரும்பும் நேரத்தில் அடுத்த ஹூக்கைப் போடுவதுதான் ஒழுங்கான வழி.

அடுத்தது, வேடிக்கை பார்க்கப் போய் வேலையைக் கெடுப்பது. அன்கிராக்கபிளில் ரூட் சோதனை ‘எஸ்ஜி.வான்டேஜ்பாயின்ட்.ஏ.சி’ என்ற கிளாஸில் இருக்கிறது. ஏ, பி, சி என்று மூன்று மெத்தட்கள், மூன்றும் பூலியன் மதிப்பை (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) திருப்பித் தருபவை. புதிதாக வருபவர், மெத்தடுக்குப் பதிலாக ஓடும்படி தான் எழுதும் இம்ப்ளிமென்டேஷனில் ‘இங்கே வந்தது’ என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டு நிறுத்திவிடுவார். ரிட்டர்ன் இல்லை. பூலியன் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வராததால் ஃப்ரிடா எரர் கொடுக்கும், ஆப் தடுமாறும். இம்ப்ளிமென்டேஷன் என்று எழுதிய கணமே மூல மெத்தடின் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் ஏறிவிடுகிறது. வெறுமனே பார்ப்பதென்றால் உள்ளிருந்து ‘திஸ்.ஏ’ என்று மூலத்தைக் கூப்பிட்டு, அது தருவதை அப்படியே திருப்பிக் கொடுங்கள். என் வழக்கம், முதல் நாள் எந்த மதிப்பையும் மாற்றுவதில்லை. ஃபால்ஸ் என்று மாற்றி எழுதுவதெல்லாம் மறுநாள்.

ஒரே பெயரில் பல மெத்தட்கள் இருந்தால் ஓவர்லோடு, அதாவது எந்த வகை ஆர்கியூமென்ட்களை எடுக்கும் மெத்தட் என்று, சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஃப்ரிடாவே பட்டியலை நீட்டிவிடும், அதிலிருந்து எடுத்து ஒட்டினால் போதும். இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

அதைவிடச் சுவாரசியமானது பைட் விவகாரம். அதே ஆப்பில் ‘எஸ்ஜி.வான்டேஜ்பாயின்ட்.ஏ.ஏ’ என்ற கிளாஸின் மெத்தட் மறைகுறியை அவிழ்த்து, ரகசியச் சொல்லை பைட் அரேயாகத் தருகிறது. ஒவ்வொரு பைட்டையும், எண்ணை எழுத்தாக்கும் ஃப்ரம்-சார்-கோடில் போட்டுச் சேர்த்தால் விடை வந்துவிடும். என்ன விடை என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தச் சொல் ஆங்கில எழுத்துகளில் இருப்பதால் இந்தக் குறுக்குவழி வேலை செய்கிறது. அதே ஸ்கிரிப்ட்டைத் தமிழ் எழுத்து வரும் ஆப்பில் ஓட்டினால் குப்பைதான் வரும். ஜாவாவில் பைட் என்பது குறியுள்ள எண், -128 முதல் 127 வரை. ‘அ’ என்ற ஒற்றை எழுத்து, எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறையான யுடிஎஃப்-8இல் மூன்று பைட், ஃப்ரிடாவில் அவை -32, -82, -123 என்று வந்து நிற்கும். அவற்றைத் தனித்தனியாக எழுத்தாக்க முடியாது. ஜாவாவின் ஸ்ட்ரிங் கிளாஸையே எடுத்து, புதிய ஆப்ஜெக்டை உருவாக்கும் டாலர்-நியூ மூலம் மொத்த அரேயையும் யுடிஎஃப்-8 என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நான் ஒரு மாலை முழுவதும் ஆப்பில் ஏதோ இரண்டாவது மறைகுறியாக்கம் இருக்கிறது என்று நம்பித் தேடியது இந்தக் குப்பையைப் பார்த்துத்தான். அங்கே இருந்தது வாடிக்கையாளரின் பெயர், சுத்தமான தமிழில்.

நேட்டிவ் பக்கம் போனால் முகவரித் தவறு. லைப்ரரியைப் பிரித்துப் படிக்க உதவும் கிட்ரா கருவியில் 64-பிட் லைப்ரரியைத் திறந்தால் அது தன் கணக்கை ஹெக்ஸில் 100000 என்ற இடத்திலிருந்து தொடங்கும். அங்கே ஃபங்ஷன் 101240இல் இருக்கிறது என்றால் உண்மையான தூரம் 1240தான். திரையில் தெரிந்ததை அப்படியே மாட்யூலின் (மெமரியில் ஏறிய லைப்ரரியின்) பேஸோடு, அதாவது தொடக்க முகவரியோடு, கூட்டினால், சரியாக 1 எம்பி தள்ளிப் போய் நிற்பீர்கள். அங்கே வேறொரு ஃபங்ஷனின் நடுப்பகுதி இருந்தால் கிராஷ், யாரும் தொடாத இடம் என்றால் மௌனம். மௌனம்தான் மோசம், ஏனென்றால் அப்போதுதான் மறுபடியும் “பாதுகாப்பு இருக்கிறதோ” என்று கிளம்புவோம். பழைய 32-பிட் ஆர்ம் போனில் தம்ப் (சுருக்கமான கட்டளை வடிவம்) கோடு என்றால் முகவரியோடு 1 கூட்ட வேண்டும் என்பதும் இங்கேயே சேர்த்தி. ஐபோனில் ஆப்ஜெக்டிவ்-சி மெத்தடைப் பிடிப்பவர்களுக்கு வேறொரு கணக்கு: ஆர்கியூமென்ட் 0 அந்த ஆப்ஜெக்ட், 1 செலக்டர், அதாவது மெத்தடின் பெயர். நீங்கள் தேடும் முதல் ஆர்கியூமென்ட் 2இல் இருக்கும்.

ஃபங்ஷனுக்குள் நுழையும்போது ஓடும் ஆன்என்டரில் ஒரு ஸ்ட்ரிங்கை மாற்றுகிறவர்கள், புதிய ஸ்ட்ரிங்குக்கு இடம் ஒதுக்கும் மெமரி.அலாக்-யுடிஎஃப்8-ஸ்ட்ரிங் தருவதை நேராக ஆர்கியூமென்ட்டில் வைத்துவிடுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் அதைப் பிடித்து வைத்திருக்க ஆள் இல்லாததால், ஃபங்ஷன் படித்து முடிக்கும் முன்பே அந்த மெமரி விடுவிக்கப்படலாம். சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ‘திஸ்.பஃபர்’ என்று ஏதோ ஒரு பெயரில் முதலில் வைத்துவிட்டு, அப்புறம் ஆர்கியூமென்ட்டுக்குக் கொடுத்தால் ஃபங்ஷன் முடியும்வரை அது உயிரோடு இருக்கும்.

சரி, ஸ்கிரிப்ட்டில் தப்பே இல்லை, போன மாதம் ஓடியது, இன்று ஓடவில்லை என்றால்? பதிப்பைப் பாருங்கள். கணினியில் உள்ள ஃப்ரிடாவும் போனில் உள்ள ஃப்ரிடா-சர்வரும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். கணினியில் பைத்தானின் பிப் மூலம் அப்டேட் செய்துவிட்டு போனை மறந்துவிடுவது எல்லோரும் செய்வதுதான். 2025இல் வந்த ஃப்ரிடா 17 இன்னொரு பள்ளத்தையும் வைத்தது. ஸ்கிரிப்ட்டிலிருந்து ஜாவா, ஆப்ஜெக்டிவ்-சி கோடைத் தொட உதவும் பாலங்கள் இப்போது ஃப்ரிடாவின் எஞ்சினுக்குள் இல்லை. கமாண்ட் லைனில் ஓட்டினால் அந்தக் கருவியே அவற்றைச் சேர்த்துத் தருகிறது, அதனால் எதுவும் தெரியாது. அதே ஸ்கிரிப்ட்டை பைத்தானிலிருந்து ஏற்றினால் ‘ஜாவா’ என்ற பெயரே தெரியாது என்று சொல்லும். ஃப்ரிடா-ஜாவா-பிரிட்ஜை இம்போர்ட் செய்து, எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்ட்டாகக் கட்டும் ஃப்ரிடா-கம்பைலில் போட்டு எடுக்க வேண்டும். லைப்ரரியில் உள்ள ஃபங்ஷனைப் பெயரால் தேட மாட்யூல்.ஃபைண்ட்-எக்ஸ்போர்ட்-பை-நேம் என்று நேரடியாகக் கூப்பிடும் பழைய வழக்கமும் அந்தப் பதிப்போடு போய்விட்டது. முதலில் பிராசஸிடம் மாட்யூலை வாங்கி, அதனிடம் கேட்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஜாவா ஹூக் பேசவில்லையென்றால், அந்தச் சிறிய மெத்தடை ஆண்ட்ராய்டின் கம்பைலர் அதைக் கூப்பிடும் இடத்திலேயே கரைத்துவிட்டிருக்கலாம். ஜாவா.டீ-ஆப்டிமைஸ்-எவ்ரிதிங் போட்டுப் பாருங்கள். ஆப் மந்தமாகும், ஆனால் மெத்தட் தன் இடத்துக்குத் திரும்பி வரும்.

நான் இப்போதெல்லாம் எந்த ஸ்கிரிப்ட்டிலும் முதல் ஹூக்காக ஆக்டிவிட்டியின் (ஆப்பின் ஒரு திரை) ஆன்ரெஸ்யூமைப் போடுகிறேன். திரை மாறும்போதெல்லாம் அது ஒரு வரி அச்சிட வேண்டும். அதுவே வரவில்லையென்றால் சிக்கல் என் செட்டப்பில், ஆப்பில் அல்ல. ஒருமுறை அது வந்தது, ஆனால் நான் தேடிய மெத்தட் மட்டும் அரை நாளாக வரவில்லை. கடைசியில் போனில் ஓடும் பிராசஸ்களைக் காட்டும் ஃப்ரிடா-பிஎஸ் பட்டியலை நிதானமாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது: அதே ஆப் பெயருக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளியும் ‘ரிமோட்’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு இரண்டாவது பிராசஸ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் ஹூக் போட்டிருந்த மெத்தட் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.