ஐஸ் உருக எவ்வளவு வெப்பம் வேண்டும்? சமையலறையிலேயே அளக்கலாம்

ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல். மகளின் பாடப்புத்தகத்தில் இருந்த இந்த எண்ணை வீட்டிலேயே அளந்து காட்டுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். முதல் தடவை வந்தது 273. மூன்று ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்ட பிறகுதான் 325-ஐத் தொட்டேன்.

வேண்டியவை: ஒரு கிராம் வரை காட்டும் தராசு, குச்சி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர், பேப்பர் கப் இரண்டு. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆகாது, 20 டிகிரியெல்லாம் அதில் தெரியாது. எவர்சில்வர் டம்ளரும் வேண்டாம், பாதி வெப்பம் அது வழியாகவே போய் வரும். ஒரு பேப்பர் கப்புக்குள் இன்னொன்றைச் செருகினால் போதும்.

1. கப்பில் 200 கிராம் வெந்நீர், சரியாக 45 டிகிரியில். என் சமையலறை 32 டிகிரி. அதற்கு மேலே 13-இல் தொடங்கி, கீழே 12-இல் முடிகிற மாதிரி வைத்தால், முதலில் வெளியே போன வெப்பம் பிறகு உள்ளே வந்து ஏறக்குறைய சரிக்கட்டிவிடும்.

2. ஐஸ் சுமார் 50 கிராம். நான் சறுக்கியது இங்கேதான். உடைத்து, கிண்ணத்தில் வைத்து, சொட்டச் சொட்ட அள்ளிப் போட்டேன். ஒட்டியிருக்கும் தண்ணீர் ஏற்கெனவே உருகி முடித்தது. தராசில் அது ஐஸாக எடை காட்டும், ஆனால் உருகுவதற்காக எதையும் கேட்காது. அதனால்தான் 273. உடைக்காமல் முழுக் கட்டியாகவே எடுங்கள். மேலே பளபளவென்று ஈரம் கட்டும் வரை வெளியே வையுங்கள். பிறகு பழைய காட்டன் துண்டில் சுற்றி, நன்றாக ஒற்றி எடுத்து, உடனே போடுங்கள். டிஷ்யூ பேப்பர் கிழிந்து ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்.

3. கலக்கிக்கொண்டே இருங்கள். கடைசித் துணுக்கு மறையும் நொடியில் வெப்பநிலையைக் குறியுங்கள். எனக்கு 20.5.

4. ஐஸைத் தனியாக நிறுக்காதீர்கள், அதற்குள் உருக ஆரம்பித்துவிடும். இப்போது கப்பை எடை போட்டு, ஐஸ் போடுவதற்கு முன் வெந்நீரோடு இருந்த எடையைக் கழியுங்கள். எனக்கு 50 கிராம்.

கணக்கு: ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏறவோ இறங்கவோ 4.2 ஜூல். வெந்நீர் 45-லிருந்து 20.5-க்கு இறங்கியதில் இழந்தது 200 × 4.2 × 24.5 = 20,580 ஜூல். உருகி வந்த தண்ணீர் 0-விலிருந்து 20.5-க்குச் சூடாக எடுத்தது 50 × 4.2 × 20.5 = 4,305. மீதி 16,275. அதை 50-ஆல் வகுத்தால் 325.5.

அந்த மீதி எந்தத் தெர்மாமீட்டரிலும் தெரியாமல், ஐஸைத் தண்ணீராக்கவே செலவானது. 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற விஞ்ஞானி இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்றார். இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி சுடுவதும் இந்தக் கணக்குதான்: ஒரு கிராம் ஆவி கையில் பட்டுத் தண்ணீரானாலே சுமார் 2,260 ஜூல் இறங்கும். கொதிநீர் ஒரு கிராம் உடல் சூட்டுக்கு ஆறினால் 265 மட்டுமே.

பின்சேர்க்கை: ஒருவர் தனக்கு 365 வருகிறது என்று எழுதியிருந்தார். விசாரித்தால், ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கையோடு போட்டிருக்கிறார். −18 டிகிரி ஐஸ் முதலில் 0-வுக்கு ஏறவே கிராமுக்கு 38 ஜூல் வாங்கிக்கொள்ளும். ஈரம் கட்டும் வரை காத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். காரணத்தை அப்போதே எழுதாதது என் தப்பு.