போர்மேன் அப்பாவின் கதையை எழுத உட்காருகிறவர்களுக்கு

"உங்க வாழ்க்கையைச் சொல்லுங்கப்பா" என்று கேட்டு, போனில் ரெக்கார்டரைப் போட்டு அவர் முன்னால் வைக்காதீர்கள். "என்னாத்தம்மா சொல்றது? வேலைக்குப் போனேன், வந்தேன், உங்களைப் படிக்க வெச்சேன்" என்று முடித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். ஷிப்டு முழுக்கக் கத்திக் கத்தி வேலை வாங்கிய மனுஷருக்குத் தன்னைப் பற்றிப் பேச மட்டும் வாய் வராது.

நான் காவேரிப்பட்டணத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். அப்பா மாங்கூழ் கம்பெனி போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கதையையும் எங்கள் குடும்பக் கதையையும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, ரேஷன் கார்டில் பேர் திருத்த வருகிறவர்கள்கூட "எங்கப்பாவுக்கும் இப்படி ஒண்ணு எழுதணுமே" என்கிறார்கள். ஓசூர் சிப்காட், பர்கூர் கிரானைட் பட்டறை, நம் ஊர் கூழ் கம்பெனி என்று வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

மெஷினைக் கேளுங்கள்

அவரைப் பற்றிக் கேட்காமல் அவர் பார்த்த மெஷினைப் பற்றிக் கேளுங்கள். நான் கேட்டது, "பல்ப்பர்ல சல்லடையை எப்பப்பா மாத்துவீங்க?" என்ற ஒரே கேள்விதான். பல்ப்பர் என்பது பழத்திலிருந்து கூழைப் பிரிக்கும் மெஷின். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கப் பேசினார்.

பெங்களூரா என்கிற மாங்காய் லோடு வந்து எடை போடுவது, பழுக்க வைக்கும் அறை, கழுவும் தொட்டி, அழுகல் பொறுக்கும் பெல்ட், ஆவியில் வேகவைப்பது, கொட்டையும் தோலும் ஒரு பக்கம் போகக் கூழ் மறு பக்கம் வருவது, அதை இன்னொரு முறை மெல்லிய சல்லடையில் விடுவது என்று வரிசையாக வந்தது. சீமர் என்கிற டப்பா மூடும் மெஷின் அவருக்குச் செல்லப் பிள்ளை. 3.1 கிலோ டப்பாவில் அடைத்த காலம் அது. 215 கிலோ பையை டிரம்முக்குள் வைத்து நிரப்பும் லைன் பிறகுதான் வந்தது. நடுநடுவே ஒரு டப்பாவை எடுத்து விளிம்பை அறுத்து, மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் சரியாகக் கொக்கி போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். மடிப்பு தளர்ந்தால் டப்பா உப்பிவிடும், லாட் முழுக்கப் போச்சு. பெங்களூரா கூழில் இனிப்பு அளவு 14 பிரிக்ஸுக்குக் கீழே இறங்கக்கூடாது. லேபில் கருவியை வைத்துச் சொல்வதற்கு முன்பே அப்பா நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவார் என்று அவரோடு வேலை பார்த்த அக்கா ஒருத்தர் என்னிடம் சொன்னார். அப்பா இதைச் சொல்லவே இல்லை.

இப்படிப் பேசும்போது ஆட்கள் தானாக உள்ளே வருவார்கள். சந்தூர் பக்கமிருந்து வேனில் வந்த சீசன் பெண்கள், மாம்பால் பட்டு அவர்கள் கை வெந்துபோனது, பாய்லருக்கு விறகு தள்ளியவர், கரண்டு போன ராத்திரிகள். அப்போது குறுக்கே பேசாதீர்கள். வருஷம் கேட்காதீர்கள். பேரை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள். மறுநாள் அந்தப் பேரைச் சொல்லி ஆரம்பித்தால் போதும்.

பேச்சு அடைத்துக்கொள்ளும் இடத்திலும் இதே வழிதான். அப்பா ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டுப் பெங்களூர் பீனியாவில் லேத் பட்டறையில் இருந்தவர். அங்கிருந்து ஏன் ஊருக்கு வந்தார் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "சும்மா வந்துட்டேன்" என்பார். ஒருநாள், "உங்க டூல்ஸ் பெட்டி எங்கப்பா? வெர்னியர், மைக்ரோமீட்டர் எல்லாம் சொந்தமா வெச்சிருந்தீங்களாமே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வீட்டுக்காரர் வீட்டுப் பரணில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் கலவரம் வெடித்த அந்த வாரம். அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு ராத்திரி ஓசூருக்கு லாரியில் வந்திருக்கிறார். பெட்டியைத் தூக்க முடியவில்லை. கன்னடக்கார வீட்டுக்காரர்தான் லாரி ஏற்றிவிட்டவர் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். அதையும் மறக்காமல் எழுதச் சொன்னார்.

பேப்பர் பேசும், படிக்கத் தெரிய வேண்டும்

டிரங்குப் பெட்டியைத் திறந்து முதலில் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழை எடுங்கள். ஜூன் 1 என்றோ மே மாதத்து ஏதோ ஒரு தேதி என்றோ பிறந்த நாள் இருந்தால் அது வாத்தியார் போட்டது. கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயசு என்று சேர்த்துக்கொண்ட காலம். பாட்டி இருந்தால் அவரிடம் கேளுங்கள். வருஷம் சொல்ல மாட்டார், நடந்ததைச் சொல்வார். என் பாட்டி, "டேம் கட்டறப்போ இவன் வயித்துல" என்றார். 1950களில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை எழும்பியபோது தாத்தா அங்கே கல் சுமந்தவர் என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பாட்டி என்றால் அந்தப் பேச்சிலேயே பேச விடுங்கள், தமிழில் சொல்லு என்று கெடுக்காதீர்கள்.

பேப்பரில் இருக்கும் மாவட்டத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அப்பாவின் முதல் வகுப்புச் சேர்க்கையில் சேலம் ஜில்லா, கல்யாணப் பத்திரிகையில் தர்மபுரி மாவட்டம், என் கல்யாணத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம். சொந்த ஊர் மாறவே இல்லை. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது, 2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. "எங்க முன்னோர் சேலத்துக்காரங்க" என்று ஒருவர் புத்தகத்தில் அச்சடித்தே விட்டார். பாவம்.

அடுத்து சம்பளச் சீட்டு. எந்த மாதம் போர்மேன் ஆனார் என்று அவருக்கே நினைவிருக்காது, பதவி உயர்வு ஆர்டர் காணாமல் போயிருக்கும். சீட்டுகளை மாத வரிசையில் அடுக்கி ஓ.டி. (ஓவர்டைம்) கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். அது காலியாகி, மறுபடி நிரம்பவே இல்லையென்றால் பெரும்பாலும் அந்த மாதம்தான். சூபர்வைசர் வகை ஆனதும் ஓ.டி. போச்சு. சட்டமும் அப்படித்தான் இருந்தது. அப்போதிருந்த தொழில் தகராறுச் சட்டப்படி, மேற்பார்வை வேலையில் இருப்பவர் மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அவர் தொழிலாளி கணக்கில் வர மாட்டார். 2010இல்தான் அந்த வரம்பை 10,000 ஆக்கினார்கள். அதனால் சங்கத்து மே தினப் போட்டோவில் போர்மேனைத் தேடாதீர்கள், ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்து எடுத்த போட்டோவிலும் தேடாதீர்கள். ஆயுத பூஜை போட்டோவில் மெஷினுக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டோடு நிற்பார்.

பி.எப். படிவம் 2 நகல் கிடைத்தால் விடாதீர்கள். வாரிசு நியமனத்துக்காகக் குடும்பத்தார் பேர், வயசு, உறவு எல்லாம் தன் கையால் எழுதியிருப்பார். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியதில் அம்மா அப்பா பேர் இருக்கும், பின்னால் மாற்றியதில் மனைவி பேர். சின்ன வயசிலேயே இறந்துபோன குழந்தையின் பேரை அந்தப் படிவத்தில் பார்த்து அழுதவர்கள் என் கடையிலேயே உண்டு. பென்ஷன் வாங்குகிறவர் என்றால் பென்ஷன் ஆணையில் தேதிகள் எல்லாம் கிடைத்துவிடும். இப்போதைய பென்ஷன் திட்டம் 1995 நவம்பர் 16இல்தான் வந்தது, அதனால் அதற்கு முந்தைய சர்வீஸுக்கு பி.எப். சீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தா, கொள்ளுத்தாத்தா பக்கம் போக நிலப் பேப்பர். கூட்டுப் பட்டா எடுத்துப் பாருங்கள், பங்காளிகள் அத்தனை பேரும் வரிசையாக நிற்பார்கள். 1980களில் நடந்த யூ.டி.ஆர். என்கிற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் வேலைக்குப் பிறகு பேரின் எழுத்து மாறியிருக்கும், ஒருவரையே இரண்டு பேர் என்று எண்ணிவிடாதீர்கள். வில்லங்கச் சான்று ஓரளவு பழைய வருஷங்கள் வரை இணையத்தில் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும்.

மொய் நோட்டு

இதற்கு மிஞ்சிய குடும்ப வரலாறு நம் பக்கத்தில் கிடையாது. ஊர், பேர், உறவு, தொகை. ஒரே வீட்டின் மூன்று கல்யாணத்து நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் புதிதாக வருகிறார், யார் நிற்கிறார், யாருடைய தொகை குறைகிறது என்று சண்டைகளின் வருஷம்கூடத் தெரிந்துவிடும். அப்பாவின் கல்யாண நோட்டில் ஒரு வரியில் பேரே இல்லை. "பெங்களூர் – 101" என்று மட்டும் இருக்கிறது. விசாரித்தால், வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்ட எங்கள் அத்தை. ஆள் வரவில்லை, யார் மூலமாகவோ மொய் வந்திருக்கிறது. எழுதியவர் பேரைப் போடத் துணியவில்லை, பணத்தை விடவும் மனசில்லை.

ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். வம்ச மரம் வரையும்போது முதலில் அவரைப் போட்டுவிடுங்கள், பிறகு மற்றவர்களைப் போடுங்கள். கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் பெரியவர்கள் சேர்க்க விட மாட்டார்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா முறைத்தார். அத்தை பேரும் அவர் பிள்ளைகள் பேரும் புத்தகத்தில் இருக்கின்றன. அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் போட்டேன்.

மொய் நோட்டில்லாத வீட்டில் கருமாதிப் பத்திரிகைகளைக் கேளுங்கள். குலதெய்வக் கோயில் வரி நோட்டு பங்காளிகளில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும்.

கூழ் கம்பெனி போர்மேன் வீட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, குடும்பத்தின் நல்லது கெட்டதை அந்தந்த மாதத்தில் குறியுங்கள். எங்கள் தாளில் வைகாசி, ஆனி, ஆடியில் நடந்த எதற்கும் அப்பா இல்லை. என் தங்கை பிறந்தது ஆனியில். அவர் வந்து பார்த்தபோது அவளுக்குப் பேர் வைத்தாகிவிட்டது. சீசன் முடிந்து இராயக்கோட்டைத் தக்காளியும் கொய்யாவும் ஓடும் மாதங்களில்தான் எங்களுக்கு அப்பா. அவர் இல்லாத போட்டோக்களையும் புத்தகத்தில் சேருங்கள், கீழே அன்று எந்த ஷிப்டில் இருந்தார் என்று எழுதுங்கள்.

இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்

பெரியப்பா மாந்தோப்பு வைத்திருந்தார். விலை விழுந்த ஒரு சீசனில் அவர் டிராக்டரோடு கம்பெனி கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றார், அப்பா உள்ளே லைன் ஓட்டிக்கொண்டிருந்தார். லோடு இரண்டு நாள் இறங்கவில்லை, காய் வெந்துபோய்ப் பாதி விலைக்குப் போனது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இறக்கியிருப்பாங்க" என்பது பெரியப்பா. "எங்கண்ணனை மட்டும் முன்னாடி விட்டா, வரிசைல நிக்கறவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்பது அப்பா. இருவரையும் தனித்தனியாகக் கேட்டு, இருவர் சொன்னதையும் அவரவர் பேச்சிலேயே எழுதி, அடுத்தடுத்து வைத்தேன். தீர்ப்பு எழுதவில்லை. மகளோ மகனோ எழுதும்போது அப்பா பக்கமே நியாயம் சாயும், அதனால் எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு வரி கூடக் கொடுங்கள்.

கம்பெனி ரெக்கார்டுகளை, பாய்லர் லாக் புத்தகம் உட்பட, யாரையாவது பிடித்து வெளியே எடுத்துவரச் சொல்லாதீர்கள். இப்போது அங்கே வேலையில் இருப்பவர் பிழைப்புக்கு ஆபத்து. நேரில் போய் மேனேஜரிடம் கேளுங்கள், கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். எங்கே குறுக்கிடுகிறார் என்று பாருங்கள். அப்பா தன்னைப் புகழ்ந்த இடங்களை எல்லாம் வெட்டச் சொன்னார், விபத்து ஒன்றில் ஒருவர் பேரை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். சீமரின் ரோலர் பேரைத் தப்பாக எழுதியிருந்ததற்குத்தான் உண்மையாகவே கோபப்பட்டார்.

அச்சுக்குப் போகும் முன் கடைசி வேலை: ஸ்கேன் செய்த பேப்பர்களில் ஆதார் எண், பி.எப். எண், வங்கிக் கணக்கு எண், கையெழுத்து நான்கையும் மறைத்துவிடுங்கள். கல்யாணத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கப்போகும் புத்தகம், யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பின்னால் நாலைந்து வெற்றுப் பக்கம் விடச் சொல்லுங்கள். உறவுக்காரர்கள் "அது அப்படி இல்லம்மா" என்று ஆரம்பிப்பார்கள், அதை அவர்கள் கையாலேயே அதில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.