ஜாம் ஆன பிரேக் பிஸ்டனை எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

முதல் தவறு ஸ்பேனரை எடுக்கும் முன்பே நடந்துவிடும். சக்கரம் இறுகினால், டிஸ்க் பிரேக்கில் பேடுகளைத் தள்ளும் பிஸ்டன்தான் ஜாம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் இறுகியிருக்கும்போதே பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகு) சற்றுத் தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சிச் சக்கரம் லேசானால் பிஸ்டன் மேல் குற்றமில்லை. ஆயில் வரும் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கும், அல்லது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தும் பாகம்) அழுத்தத்தை விடவில்லை. அப்போதும் இறுக்கம் குறையாவிட்டால் பிஸ்டனையும், காலிப்பர் (பிஸ்டன் இருக்கும் கூடு) நகர்ந்தோடும் சிலைடு பின்னையும் பாருங்கள்.

அடுத்தது, அவசரப்பட்டு ஹோஸைக் கழற்றுவது. பிஸ்டனை வெளியே தள்ள பிரேக் பெடலைவிட நல்ல கருவி கிடையாது. ஹோஸ் போனால் அதுவும் போச்சு. காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு (ஹோஸில் தொங்கக் கூடாது), பேடுகளை எடுத்து, பிஸ்டனுக்கு எதிரே மரக்கட்டை வைத்து மெதுவாக மிதியுங்கள். பெடலுக்கு அடியிலும் ஒரு கட்டை வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடல் தரைவரை போனால், இதுவரை ஓடாத துருப்பகுதியில் அதன் ரப்பர் சீல் உரசிக் கிழியும். இரண்டு பிஸ்டன் இருந்தால், சுலபமாக நகர்வதைக் கிளாம்பால் பிடித்துக்கொள்ளுங்கள். அது முதலில் வெளியே விழுந்தால் மற்றதைத் தள்ள அழுத்தம் இருக்காது.

கம்ப்ரஸர் காற்றுதான் விரலைப் பதம் பார்ப்பது. 50 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனில் 7 பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 140 கிலோ விசை. ஆயில் சுருங்காது, பிஸ்டன் அசைந்ததும் அழுத்தம் இறங்கிவிடும். காற்றோ விரிந்துகொண்டே தள்ளும். பிஸ்டன் குண்டுபோலப் பாயும். வேறு வழியில்லாவிட்டால் 2 பாருக்குள், விட்டு விட்டு, கட்டையும் துணியும் வைத்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுச் செய்யுங்கள். விரல் எதிரே வரவே கூடாது.

பிஸ்டனின் பக்கவாட்டைப் பிளையரால் கவ்வினால் விழும் கீறல் வழியே ஆயில் கசியும். கேஸ் டார்ச் தீயால் சூடாக்காதீர்கள். மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் பட்டால் சீல் ரப்பர் உப்பிவிடும். தடவ பிரேக் ஆயிலே போதும்.

ஹேண்ட் பிரேக் சேர்ந்த பின் காலிப்பரில் பெரும்பாலும் பிஸ்டன் திருகில் ஓடும். அதைச் சுற்றித்தான் எடுக்க வேண்டும், சுற்றித்தான் உள்ளே விட வேண்டும். சி-கிளாம்பால் அழுத்தினால் உள்ளே இருக்கும் பொறி உடையும்.

பிஸ்டன் வந்த பிறகு பழைய சீலையே போடுவதும் வழக்கம். பிரேக்கை விட்டதும் பிஸ்டனை நூலளவு பின்னிழுப்பது அதைச் சுற்றியிருக்கும், வெட்டுமுகம் சதுரமான அந்த ரப்பர் சீல்தான். புதிது போடுங்கள், சீல் பள்ளத்தில் இருக்கும் துருவையும் சுரண்டி எடுங்கள். பள்ளத்தில் துரு இருந்தால் புது சீலும் பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும்.

மாட்டியபின் காற்றை எடுத்து, பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட்டே வண்டியை நகர்த்துங்கள். இல்லாவிட்டால் ஓட்டும்போது முதல் மிதி தரைக்குப் போகும்.