கச்சானும் எள்ளும்: மரபணுத் திருத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபணுத் திருத்தம் என்றதுமே, வேறு உயிரின் மரபணுவைப் பயிருக்குள் புகுத்தும் வேலை என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறோம். கிறிஸ்பர் முறையில் பயிரின் சொந்த மரபணுவையே குறித்த ஓரிடத்தில் வெட்டி மாற்ற முடியும். வெட்டும் கருவிக்காக உள்ளே போன வெளி மரபணு இல்லாத செடிகளை அடுத்த தலைமுறையில் பொறுக்கி எடுக்கலாம். இந்தியா 2022இல் இத்தகைய சில திருத்தங்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான விதிகளிலிருந்து விதிவிலக்குக் கொடுத்தது.

இனிக் கச்சான், அதாவது நிலக்கடலை. எண்ணெய் சீக்கிரம் காறாமல் இருக்க, ஒலெயிக் என்ற கொழுப்பமிலத்தை, விரைவில் காறும் லினோலெயிக் அமிலமாக மாற்றும் எஃப்ஏடி2 மரபணுவை அடக்க வேண்டும். கச்சான் இரண்டு காட்டினங்கள் சேர்ந்து உருவான பயிர். இரு பக்கத்திலிருந்தும் அந்த மரபணு வந்திருக்கிறது. ஒன்றை மட்டும் அடக்கினால் மற்றது வேலையைத் தொடரும். அதைவிட, இந்தக் குணம் இயற்கையிலேயே உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் 1980களில் கண்டறிந்தார்கள்; இந்தியாவின் கிர்னார் 4, கிர்னார் 5 இரகங்கள் சாதாரணக் கலப்பில் வந்தவைதான். இருப்பதைத் தேடாமல் ஆய்வுகூடத்துக்கு ஓடுவது வீண்செலவு.

நிலத்தின் குறைக்கு விதையைக் குற்றம் சொல்வதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் செடியைப் பிடுங்கிக் கோதை உடைத்தால் உள்ளே பருப்பு இல்லை என்றால், முதலில் கல்சியத்தைப் பாருங்கள். கச்சான் காய் தனக்கு வேண்டிய கல்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சுகிறது. பூக்கும் காலத்தில் ஜிப்சம் இட்டால் தீரும் பிரச்சினைக்குப் புது இரகம் எதற்கு? அப்படித்தான் அஃப்ளாடொக்சின் நஞ்சும். ஈரத்தோடு குவித்த கச்சானில் பூஞ்சணம் பிடித்து இந்த நஞ்சை உண்டாக்கும். படங்கில் பரப்பி நன்றாகக் காயவைக்க வேண்டும்.

எள்ளு வேறு கதை. அறுவடை இரண்டு நாள் பிந்தினாலும் காயின் நுனி வெடித்து மணி கொட்டிவிடும். திருத்தத்துக்கு இது தகுந்த குறை. ஆனால் காய் வெடிக்கவே கூடாது என்று குறிவைப்பது தவறு. 1943இல் வெனிசுவேலாவில் வெடிக்காத எள்ளு கிடைத்தபோது, காய் இறுக மூடியிருந்ததால் மணியைப் பிரிப்பது பெரும்பாடானது. கையால் அடித்து எடுக்கும் வன்னிக் கமக்காரருக்கு, நிற்கும்போது மணியைத் தாங்கி, அடிக்கும்போது விடுகிற காய் வேண்டும். அதையும் இங்கே நன்றாக விளையும் இரகத்திலேயே செய்ய வேண்டும். திருத்திய எள்ளு இழையத்தை ஆய்வுகூடத்தில் வளர்த்து முழுச்செடியாக்குவது இன்னும் கடினமான வேலை. ஆகவே அடுத்த சிறுபோகத்துக்கு விதை வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.