பிள்ளைகளின் பிரச்சாரத்தில் பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பினாங்கில் ஒரு பள்ளியின் சுற்றுச்சூழல் வாரத்துக்குப் போயிருந்தேன். ஆறு பிள்ளைகள் மேடையேறினார்கள். ஆறு பேரும் ‘புவி வெப்பமடைதல்’ என்றே தொடங்கினார்கள். வரி மறந்தபோதெல்லாம் ஓரத்தில் நின்ற இளம் ஆசிரியை உதட்டசைத்து எடுத்துக்கொடுத்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அதே போல ஓரத்தில் நின்று உதட்டசைத்தவள் நான்.

மழை நாளில் ஊர்வலம் வைப்பது, தண்ணீர் கொண்டுபோக மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும்.

பிள்ளையின் கேள்வியைப் பிடுங்கிக்கொள்வது

அப்போது பினாங்கின் ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்திருந்தேன். முதல் கூட்டத்திலேயே, நான்காம் ஆண்டு படித்த ஒரு பெண் பழைய மைலோ டின் ஒன்றை மேசையில் கவிழ்த்தாள். உள்ளே சிவப்பு ராஃபியா (பிளாஸ்டிக்) கயிறு, எல்லாம் சின்னச் சின்ன முடிச்சு. கடையில் தே ஆயிஸை, அதாவது ஐஸ் போட்ட பால் தேநீரை, பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ராவைச் செருகி, வாயை இறுக்கிக் கட்டித் தருவார்களே, அந்த முடிச்சுதான். பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் ஒரு வாரமாகப் பொறுக்கியிருக்கிறாள். எண்ணியும் வைத்திருந்தாள்: 43.

“டீச்சர், சாமான் பைக்குக் காசு வாங்குறாங்க. தண்ணி கட்டித் தர்ற பைக்கு ஏன் வாங்கல?”

பினாங்கில் 2009-இல் திங்கட்கிழமைகளில் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது என்று ஆரம்பித்து, 2011 முதல் எல்லா நாளுக்கும் ஆக்கினார்கள். அப்போது பை வேண்டுமென்றால் 20 சென். அது சாமான் தூக்கும் பைக்கான ஏற்பாடு. கட்டிக் கொடுக்கும் தண்ணி அதற்குள் வரவில்லை. பத்து வயசுப் பிள்ளை அந்த இடைவெளியைத் தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

நான் “ரொம்ப நல்லதும்மா” என்று சொல்லி டின்னை ஓரமாக வைத்தேன். ‘நம் பூமியைக் காப்போம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். ஓசோன், துருவக்கரடி, கடலாமை எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம் எழுதி மனனம் செய்யச் சொன்னேன். பேனர், டி-சட்டை என்று பெற்றோர் காசில் 600 ரிங்கிட் போனது. கைதட்டல் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. லிஃப்டில் பார்த்துக் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு, “எனக்குப் பேச்சு மனப்பாடம் ஆகாது டீச்சர்” என்றாள்.

600 ரிங்கிட்டை மறந்துவிட்டேன். அந்தப் பதிலை மறக்க முடியவில்லை. அதனால்தான் இன்னொருவர் பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பதைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது.

இப்போதெல்லாம் முதல் மாதம் தலைப்பே கிடையாது. பிள்ளை எதைக் கொண்டு வருகிறதோ அதன் பின்னாலேயே போகிறோம். போன வருஷம் ஒரு பையன், “நம்ம பிளாக் குப்பை எங்க போகுது?” என்று கேட்டான். தீவின் குப்பை பத்து மாவுங்கில் இருக்கும் குப்பை மாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கடல் வழியாகப் புலாவ் புரூங் குப்பைமேட்டுக்குப் போகிறது. பெயரில் புலாவ், அதாவது மலாயில் தீவு, இருக்கிறதே என்று பிள்ளைகள் வரைபடத்தில் கடலுக்குள் தேடினார்கள். அது இருப்பதோ பெருநிலத்தில், நிபோங் திபால் பக்கம். 2022 ஜனவரியில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை அந்த வட்டாரத்தில் இருக்கும் ஒரு பாட்டி அவர்களுக்குச் சொன்னார். “ஜன்னலத் தொறக்கவே இல்ல கண்ணு” என்றார். அந்த ஒரு வரியை அட்டையில் பெரிதாக எழுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். லிஃப்டுக்கு நின்றவர்கள் வாய்விட்டுப் படித்தார்கள்.

எல்லோரையும் பார்த்துச் சொல்வது

‘குப்பை போடாதீர்’ என்றால் யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு ஆளிடம் போய் ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். “அங்கிள், போத்தல் கொண்டு வந்தா அதுல ஊத்தித் தருவீங்களா?” என்று எங்கள் பிள்ளைகள் கீழ்க்கடையில் கேட்டார்கள். “கொண்டா” என்றார். அவ்வளவுதான் நடந்தது. இன்றும் நான்கைந்து போத்தல் அந்தக் கடைக்குப் போகிறது.

வீட்டை மறப்பது

2016 ஜூனிலிருந்தே பினாங்கில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும். பிள்ளை பிரித்ததை அம்மா ஒரே பையில் கொட்டினால், அன்றோடு அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும். பெற்றோரிடம் முதலில் பேசுங்கள்.

பரிசு

வேண்டாம். போத்தல் சேர்க்கும் போட்டி என்றால் புதுப் போத்தல் வாங்கித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுக் கொண்டுவருவார்கள். கண்ணால் பார்த்தேன்.

படம் எடுப்பது

வேலை முடிந்த பிறகு.

கால்வாய்

கையுறையும் மூடிய காலணியும் இல்லாமல் ஒரு பிள்ளையையும் பக்கத்தில் விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். சின்னச் சிராய்ப்பு போதும், உள்ளே போய்விடும். 43 முடிச்சையும் வெறுங்கையால்தான் பொறுக்கினாயா என்று அன்றைக்கு நான் அவளைக் கேட்கக்கூட இல்லை.